பந்தி முடிந்த பிறகு

(பொன்விழா ஏற்பாடுகளுக்காகக் கூடிய பங்குப் பொதுக்கூட்டத்தில், புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



கொடியேற்றம் முதல் தேர்பவனி வரை யாவும் பேசியாகிவிட்டது. விளக்கு அலங்காரத்துக்கு ஆள் பார்த்தாகிவிட்டது. வாணவேடிக்கை வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சி நிற்பது பொன்விழாவன்று நண்பகலில் நடைபெறவிருக்கும் பொது விருந்து ஒன்றே. விருந்தைப் பற்றிச் சில வார்த்தை பேசும்படி எங்களைக் கேட்டுக்கொண்டபோது, என்ன குழம்பு, எத்தனை கூட்டு, ஆட்டுக்கறியா கோழிக்கறியா என்ற விவரங்களை நாங்கள் சொல்லப் போவதாகச் சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நாங்கள் பேச வந்திருப்பது பந்தி முடிந்த பிறகு நடப்பதைப் பற்றி. விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இப்போது பேசினால்தான் பயனுண்டு.

எங்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். வாரந்தோறும் வீடு சந்திக்கப் போகிறவர்கள் நாங்கள். நம் பங்கின் குடும்பங்களில் சில, ஊருக்கு வெளியே குப்பைமேட்டை ஒட்டிய தெருவில் குடியிருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தெருவில் காற்று திரும்பும் நாளில் சோற்றுப் பானையைத் திறந்துவைக்க முடியாது, அவ்வளவு ஈ. கோடையில் மேடு தானாகவே புகையும். அடிபம்புத் தண்ணீரைக் குடிக்காமல் குடம் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று விலைக்கு வாங்குகிறார்கள். ஊர் முழுவதும் உண்டு கழித்தது போய்ச் சேரும் இடத்தில் வசிப்பவர்கள், ஊரிலேயே மிகக் குறைவாக உண்பவர்களாய் இருக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு வரும் எங்களுக்கு, கலியாண மண்டபங்களின் பின்வாசலைப் பார்க்கும்போது மனம் ஒருநிலையில் நிற்பதில்லை.

மண்டபத்தின் முன்வாசலை எல்லாரும் பார்த்திருக்கிறோம். வாழைமரம் கட்டியிருக்கும், பன்னீர் தெளிப்பார்கள். பிற்பகல் மூன்றரை மணிக்குப் பின்வாசலுக்குப் போனால் வேறொரு காட்சி. இலைகள் தொட்டியில் மலையாய்க் குவிந்திருக்கும். ஒவ்வோர் இலையிலும் கைபடாத ஜாங்கிரி, பாதி கடித்த வடை, தொடாத கூட்டு, ஒரு கைப்பிடி சாம்பார் சோறு. ஓரமாக இரண்டு அண்டா நிறைய யாரும் பரிமாறாத வெள்ளைச் சோறு. சமையற்காரர் வெற்றிலை போட்டபடி, "கொட்டிடலாமா?" என்று கேட்பார். வீட்டுக்காரர் மணமக்களோடு புகைப்படத்தில் நின்றுகொண்டிருப்பார். யாரோ ஒருவர் தலையாட்டுவார். அவ்வளவுதான், இரண்டு அண்டாவின் கதை முடிந்தது.

இது ஏதோ நம்மூர் வழக்கம் மட்டுமன்று. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலுமாக வீணான உணவு 105 கோடி டன். இதில் பத்தில் ஆறு பங்கு வீடுகளில் வீணானது. பெரிய ஓட்டல்களையும் பணக்கார நாடுகளையும் குறைசொல்லிவிட்டு நாம் நழுவிவிட முடியாதபடி, இந்திய வீடுகளுக்கும் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள்: ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. ஐந்து பேர் கொண்ட குடும்பமானால் 275 கிலோ. நியாயமாகச் சொல்வதென்றால், இதில் வாழைப்பழத் தோலும் மீன்முள்ளும் முட்டை ஓடும் சேர்ந்தே இருக்கின்றன. அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மீதி கொஞ்சமன்று. அதே 2022-இல் 70 கோடிக்கு மேற்பட்டோர் பசித்திருந்தனர் என்பதும் ஐ.நா. அமைப்புகளின் கணக்கே.

நம் பங்கில் எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாது. 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒருவேளை, திங்கட்கிழமை இரவு உணவைத் தவிர்க்குமாறு நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டதை அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்நாளில் அரிசிக்கு அலைந்த அலைச்சல், 1967 தேர்தலில் ஒரு படி அரிசியின் விலையே பெரும் பேச்சானது, கப்பலில் வந்த அமெரிக்கக் கோதுமையும் பால்பவுடரும் கோயில் வளாகங்களில் வரிசையில் நின்று வாங்கப்பட்டது, இவையெல்லாம் அவர்கள் சொல்ல நாம் கேட்டவை. பால்பவுடர் வந்த டப்பா பிறகு பல வீடுகளில் உப்பு டப்பாவாக இருபது ஆண்டு உழைத்தது.

அக்காலத்து அடுக்களையில் வீணாவதற்கு இடமே இல்லை. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றினார்கள். காலையில் அது பழையது, நீராகாரம். அதற்கும் மிஞ்சினால் சீரகமும் உப்பும் சேர்த்துப் பிசைந்து வெயிலில் சோற்று வடகம். உலைவைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். வாரம் ஒருமுறை அந்தப் பிடியரிசி ஏழைகளுக்குப் போகும். குளிர்சாதனப் பெட்டி வந்த பிறகு மிச்சத்தைப் பாதுகாக்கத் தெரிந்துகொண்டோம் என்று சொல்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பெட்டி செய்வது, திங்கட்கிழமை கொட்ட வேண்டியதை வெள்ளிக்கிழமை கொட்டும்படி ஒத்திப்போடுவதுதான். தாய்மார்கள் மன்னிக்க வேண்டும். இதைச் சொன்னவரும் ஒரு தாயார்தான்.

நிற்க. ஒரு பிடி சோற்றைக் கொட்டினால் சோறு மட்டும்தான் போகிறது என்று நினைப்பது இயல்பு. காவிரிப் பாசனத்து ஊர்க்காரர்களாகிய நாம் அப்படி நினைக்கலாகாது. ஒரு கிலோ நெல் விளைய, மழைநீரும் பாசனநீருமாகச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வயலில் நிற்க வேண்டியிருக்கிறது என்கிறார்கள் நெல் ஆராய்ச்சியாளர்கள். நெல்லை அரைத்தால் மூன்றில் இரண்டு பங்குதான் அரிசி. ஆகவே ஒரு கிலோ அரிசிக்கு 3,750 லிட்டர். இதில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீராகிறது என்பதும் உண்மை. அத்தனையும் தொலைந்துபோனதாகச் சொல்வது சரியாகாது. ஆயினும் அந்தத் தண்ணீர் உரிய நாளில் வாய்க்காலில் வந்தாக வேண்டுமே! ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறக்குமா என்று நாளிதழைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகள் எத்தனை! 2016-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாவட்டங்கள் அனைத்தையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவிக்க நேர்ந்தபோது, காய்ந்த நாற்றைப் பார்த்து நின்ற முகங்களை நாம் மறக்கவில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது. ஒவ்வொரு டி.எம்.சி.க்கும் இரண்டு மாநிலங்கள் எத்தனை ஆண்டுகள் வழக்காடியிருக்கின்றன என்று நினைத்துப் பார்த்துவிட்டு, அந்தத் தண்ணீரில் விளைந்ததை அண்டாவோடு கவிழ்ப்பதைப் பார்த்தால் என்ன சொல்வது?

நம் விருந்துக்கே கணக்குப் போட்டுப் பார்த்தோம். சமையற்காரர்கள் கைக்கணக்குப்படி ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு. எதற்கும் இருக்கட்டும் என்று முந்நூறு பேருக்கு அதிகமாக உலையில் போட்டால் 37 கிலோ அரிசிக்கு மேல். அதற்குப் பின்னே நிற்கும் தண்ணீர் சுமார் 1,40,000 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஏறக்குறைய பன்னிரண்டு லாரி. கோடையில் ஒரு லாரித் தண்ணீர் வந்தால் தெருவில் எப்படி ஓடுகிறோம்! "எதற்கும் இருக்கட்டும்" என்ற இரண்டே சொல்லில் பன்னிரண்டு லாரி போய்விடுகிறது.

இனி, நெல்லுக்குப் போட்ட உரம். யூரியா உற்பத்திக்கு இயற்கை எரிவாயுவைச் செலவிடுகிறார்கள். வயலில் இட்ட யூரியாவில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாக மேலே போகிறது. அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்க வல்லது. டிராக்டருக்கு டீசல், மோட்டாருக்கு மின்சாரம், ஆலைக்கு ஒரு செலவு, லாரிக்கு ஒரு செலவு, கடைசியாக அடுப்புக்கு விறகோ காஸோ. இத்தனையும் தின்றுவிட்டுத்தான் ஒரு பருக்கை இலைக்கு வருகிறது.

குப்பைக்குப் போன பின்னும் அந்தப் பருக்கை சும்மா இருப்பதில்லை. மீத்தேன் என்ற சொல் நம் பகுதியினருக்குப் புதிதன்று. நிலத்தடியிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராய்ப் பேசிவந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30-ஆம் நாள் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் அந்தப் பணியின் நடுவிலேயே உயிர் நீத்தார். 2020-இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் வந்தது. பூமிக்கு அடியிலிருந்து வரவிருந்த மீத்தேனுக்காக அவ்வளவு போராடிய மண்ணில், பூமிக்கு மேலே நாமே மீத்தேன் செய்துகொண்டிருக்கிறோம் என்றால் நம்ப முடிகிறதா?

அது நடக்கும் விதம் மிக எளிது. சோறும் காயும் மண்ணோடு கலந்து காற்றுப்படக் கிடந்தால், மட்கி எருவாகும். வெளிவருவது பெரும்பாலும் கரியமில வாயு. அதே சோறு குப்பைமேட்டில் பத்தடி ஆழத்தில், பிளாஸ்டிக் பைக்குள் முடிச்சுப்போட்ட நிலையில், காற்றுப் புகாமல் அழுகினால் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி அதை மீத்தேனாக்குகின்றன. சாண எரிவாயுக் கலத்தில் நடப்பதும் இதுவே. அங்கே மூடிபோட்டுப் பிடித்து அடுப்பெரிக்கிறோம்; குப்பைமேட்டுக்கு மூடி இல்லை. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு, முதல் இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் சுமார் 80 மடங்கு பூமியைச் சூடாக்குகிறது. தண்ணீர் கட்டிய நெல்வயலும் இதே காரணத்தால் மீத்தேன் விடுகிறது. ஆக, வீணாகும் சோற்றுக்கு இரண்டு மீத்தேன் கணக்கு: விளையும்போது ஒன்று, அழுகும்போது ஒன்று. உண்ட சோற்றுக்கு முதல் கணக்கோடு சரி, அதற்கும் பதிலாக ஒரு வயிறாவது நிறைந்திருக்கிறது. உலகம் வெளியிடும் வெப்பவாயுக்களில் நூற்றுக்கு எட்டு முதல் பத்து பங்கு, இழந்தும் வீணாக்கியும் போன உணவினால் வருவது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். புயலும் வெள்ளமும் பருவம் தவறிய மழையும் யாரை முதலில் அடிக்கின்றன என்பதைக் கரையோரப் பங்குகளில் உள்ள நம் உறவினர்களைக் கேட்டால் தெரியும். நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் மழையில் நனைந்து முளைவிட்ட மூட்டையைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருக்கிறீர்கள்.

நம் நாட்டு நகரங்களின் குப்பையில் ஏறத்தாழப் பாதி, சமையலறையிலிருந்தும் சந்தையிலிருந்தும் வரும் ஈரக்குப்பை. மேடு எரிவதும் சரிவதும் பெரும்பாலும் இந்தப் பாதியால்தான். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ பல நாள் புகைந்தது. பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாள். இலங்கையில் கொழும்பை அடுத்த மீத்தொட்டமுல்லையில் மலைபோல் உயர்ந்திருந்த குப்பைமேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்து, முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பண்டிகை நாளில் வீட்டில் இருந்தவர்கள். மேட்டின் அடியில் கசியும் கறுப்புத் தண்ணீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. நம் குப்பைமேட்டுத் தெருவில் அடிபம்பு ஏன் சும்மா நிற்கிறது என்று சொல்லியாகிவிட்டது.

"மிச்சத்தை மாட்டுக்குப் போட்டுவிடலாமே?" என்று பலரும் கேட்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கால்நடை மருத்துவர்கள் பொங்கல் சமயத்தில் ஆண்டுதோறும் எச்சரிப்பது எதைப் பற்றித் தெரியுமா? மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் மெள்ள மெள்ள நொதிக்கச் செய்கின்றன. அங்கே ஒரு கூடைச் சோறும் பாயசமும் ஒரே நேரத்தில் போய் விழுந்தால், மாவுப்பொருள் சடுதியில் புளித்து அமிலமாகிவிடும். அசைபோடுவது நின்றுபோகும், வயிறு உப்பும், மாடு படுத்துவிடும். உரிய நேரத்தில் சிகிச்சை இல்லாவிட்டால் எழுந்திருக்காது. காய்கறித் தோலும் வாழையிலையும் போடலாம். கழுநீர்த் தொட்டியில் ஒரு கை சோறு போவது வேறு, விருந்துச் சோற்றை அண்டாவாய்க் கொட்டுவது வேறு. கறவை மாடு ஒன்றே சொத்தாக இருக்கும் குடும்பத்துக்கு நாம் செய்யும் தருமம் இப்படி முடியக்கூடாது.

"சரி, அனாதை இல்லத்துக்கு அனுப்பிவிடலாமே?" என்பது அடுத்த கேள்வி. இதைப் பற்றி இல்லம் நடத்தும் சகோதரி ஒருவரிடம் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்: "நாலு மணிக்கு ஆட்டோவிலே சோறு வந்து இறங்கும். நாங்க பிள்ளைங்களுக்கு மதியம் போட்டு முடிச்சிருப்போம், ராத்திரிக்கும் அரிசி ஊறிக்கிட்டிருக்கும். வாங்கலேன்னா மனசு நோவாங்க, வாங்கினா நாங்க கொட்டணும். முந்தின நாளே சொன்னீங்கன்னா அன்னிக்கு உலையே வைக்க மாட்டோம்." மண்டபத்துக் குப்பைத் தொட்டி இல்லத்துக்கு இடம் மாறுவதை உதவி என்று சொல்ல முடியாது. மேலும், ஆக்கிய சோறு சூடு ஆறி நான்கு மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்தால் அதில் வளரும் ஒருவகை நுண்ணுயிரின் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரிக்குப் போவது அந்தப் பிள்ளைகள். ஏழைக்குக் கொடுப்பது நாம் உண்ணத் தயங்கும் உணவாக இருக்கலாகாது என்பதில் எங்கள் சபைக்கு இரண்டு கருத்து கிடையாது.

ஆகையால் கேள்வி முன்னுக்கு வருகிறது. ஏன் மிஞ்சுகிறது?

வீட்டில் மிஞ்சுவது ஞாபகக் குறைவால். விருந்தில் மிஞ்சுவது மானத்தால். சோறு பற்றாமல் போனால் ஊர் பேசும். மிஞ்சிக் கொட்டினால் யாரும் பேசுவதில்லை, "தாராளமாய்ச் செய்தான்" என்ற பெயர்கூடக் கிடைக்கும். உட்காருமுன்பே இலையில் பதினெட்டு வகை வைத்துவிடுகிறார்கள். அதில் இனிப்பு நீர்க்காரருக்குச் சர்க்கரை நோய்; வடைக்காரருக்குப் பல் இல்லை. நான்கு வயதுக் குழந்தைக்கும் அதே நீள இலை, அதே பதினெட்டு வகை. போதும் போதும் என்று இலைமேல் கவிந்து கையால் மறைத்தாலும், விரலிடுக்கு வழியே ஒரு கரண்டி விழுந்தால்தான் உபசரிப்பு நிறைவேறியதாக எண்ணுகிறோம். இந்த அன்பைக் குறைசொல்ல எங்களுக்கு மனமில்லை. கரண்டியைச் சிறிதாக்கினால் அன்பு சிறுத்துவிடாது என்று மட்டும் சொல்கிறோம்.

அப்பம் பலுகின நிகழ்ச்சியை நான்கு நற்செய்தியாளர்களும் எழுதியிருக்கிறார்கள். எஞ்சியவற்றை வீணாகாதபடி சேர்த்துவைக்கச் சீடர்களைப் பணித்ததை யோவான் மட்டுமே குறித்திருக்கிறார். ஐந்து வாற்கோதுமை அப்பத்தைப் பலமடங்காக்க வல்லவர், மிச்சத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க வேண்டியதே இல்லை. ஆயினும் பன்னிரண்டு கூடை சேர்ந்தது. மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2013 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று மக்களிடம் பேசியபோதும், 2015-இல் படைப்பைப் பேணுவது குறித்து எழுதிய சுற்றுமடலிலும், வீணாகும் உணவு ஏழையின் மேசையிலிருந்து எடுக்கப்பட்டதற்குச் சமம் என்ற கருத்தை வலியுறுத்தினார். பிரசங்கம் செய்வது பங்குத் தந்தையின் பணி. அதை அவரிடமே விட்டுவிடுகிறோம்.

பிற நாடுகளில் சட்டம்போட்டுச் செய்திருக்கிறார்கள். தென்கொரியாவில் 2005-இல் உணவுக் கழிவை நேராகக் குப்பைக்குழியில் புதைப்பதைத் தடைசெய்தார்கள். 2013 முதல் அளவுக்கேற்பக் கட்டணம். வீட்டிலிருந்து கொட்டும் உணவை எடைபோட்டுக் காசு வாங்கும் தொட்டி அங்கே அடுக்குமாடிகளில் நிற்கிறது. உணவுக் கழிவில் பெரும்பகுதியும் எருவாகவும் தீவனமாகவும் எரிவாயுவாகவும் மாறிவிடுகிறது. நம் நாட்டிலும் விதிகள் இல்லாமலில்லை. உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியானால் உள்ளாட்சிக்கு மூன்று வேலைநாள் முன்பே தெரிவிக்க வேண்டும், குப்பையைப் பிரித்தே கொடுக்க வேண்டும் என்று 2016-இல் வந்த விதிகளிலேயே இருந்தது. எத்தனை மண்டபத்தார் அதைப் படித்தார்கள் என்று கேட்காதீர்கள். நம் பங்குக்கு எடைபோடும் தொட்டியும் வேண்டாம், அபராதமும் வேண்டாம். கீழ்க்கண்டபடி செய்யலாமா என்று மட்டும் யோசியுங்கள்.

முதலாவது, தலைக்கணக்கு. ஆயிரம் பேர் என்கிறார் ஒருவர், ஆயிரத்தைந்நூறு என்கிறார் இன்னொருவர், இரண்டுமே ஊகம். ஒவ்வொரு குடும்பமும் எத்தனை பேர் வருகிறோம், அவர்களில் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எத்தனை என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை. அழையாமல் வருகிறவர்களையும் சேர்த்தே கணக்கிடுவோம். கோயில் விருந்துக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பும் பேச்சே கிடையாது. உலையை இரண்டாகப் பிரித்துவிடலாம். முதற் பந்தி உட்கார்ந்த பிறகு, வெளியே நிற்கும் கூட்டத்தைப் பார்த்து இரண்டாம் உலைக்கு அரிசி போடுவது. அரிசி வேக அரை மணி நேரம். ஒரு பந்தி எழுந்திருக்கவும் அதே நேரம். எங்களிடம் பேசிய சமையற்காரர் இதற்கு ஒப்புக்கொண்டார். "யாரும் கேக்கறதில்லே, அதனாலே ஒரேயடியா வடிச்சிடறோம்" என்றார்.

இலையில் ஆறு வகை போதும் என்பது எங்கள் கருத்து. உட்கார்ந்த பிறகு, கேட்டுப் பரிமாறுவது. பிள்ளைகளுக்கு அரை இலை. உண்மையான வாழையிலையே வேண்டும்; பிளாஸ்டிக் பூசிய தாள் இலை 2019 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டது, மட்கவும் மட்காது. பரிமாற இளைஞர் மன்றத்தார் முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "போதும்" என்று சொன்னால் நம்புங்கள்.

இங்கேதான் உபயதாரர் பேச்சு வருகிறது. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு குடும்பம் பொறுப்பேற்றிருக்கும்போது, வகையைக் குறைத்தால் யாருடைய உபயத்தை விடுவது? பெரியவர் ஒருவர் எங்களை நேரிலேயே கேட்டார்: "ஏம்ப்பா, அம்பது வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற விழா. அதிலேயும் அளந்துதான் போடணுமா?" அவர் நம் கோயில் கட்டுமானத்துக்குத் தலையில் மண் சுமந்தவர், அவருக்குப் பதில் சொல்லும்போது நாங்கள் எழுந்து நின்றுதான் சொன்னோம். வருகிறவர் வயிற்றை நாங்கள் அளக்கப் போவதில்லை, ஐயா. யார் வயிற்றுக்கும் போகாமல் லாரியில் ஏறுகிறதே, அதை மட்டும் அளக்க வேண்டும் என்கிறோம். உபயம் குறைய வேண்டியதும் இல்லை. அண்டாவில் போடாத அரிசி மூட்டையாகவே இருக்கட்டும். வெந்த சோற்றுக்கு நான்கு மணி நேர ஆயுள். மூட்டையில் இருக்கும் அரிசி மாதக்கணக்கில் கெடாது. உபயதாரர் பெயர் சொல்லியே அந்த மூட்டைகளைக் குப்பைமேட்டுத் தெருக் குடும்பங்களுக்கும் இல்லத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க நாங்கள் பொறுப்பு. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "என் பங்குக்கு ரெண்டு மூட்டை எழுதிக்க" என்றார். சம்மதித்தாரா, எங்களைச் சோதிக்கிறாரா என்பது விழாவன்று தெரியும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். இல்லத்துச் சகோதரிகளிடம் முந்தின நாளே சொல்லிவைத்து, மிஞ்சினால் இரண்டு மணிக்குள், சூடு ஆறுமுன் மூடிய பாத்திரத்தில் அனுப்பிவிடுவோம். இல்லையென்று அந்நேரத்துக்குள் சொல்லிவிட்டால் அவர்கள் இரவுக்கு உலைவைத்துக்கொள்வார்கள். இலையையும் காய்த்தோலையும் எச்சிலையும் போட, கோயில் தோட்டத்து மூலையில், கிணற்றிலிருந்து எட்டத் தள்ளி ஒரு குழி. ஒரு அடுக்கு இலை, ஒரு அடுக்குச் சருகும் மண்ணும், கொஞ்சம் சாணிக் கரைசல். காற்றுப் புகும்படி பத்து நாளைக்கு ஒருமுறை கிளறிவிட ஆள் வேண்டும். மேல்நிலைப் பள்ளி மாணவர்களில் நால்வர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எலும்பையும் மீந்த கறியையும் அதில் போடலாகாது, நாய் தோண்டும். மூன்று மாதத்தில் எருவானதும் கல்லறைத் தோட்டத்துப் பூச்செடிகளுக்குப் போடலாம்.

சீட்டுப் புத்தகம் கோயிற்பிள்ளையிடம் கொடுத்துவைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் இரண்டு பூசைக்குப் பின்னும் எங்கள் சபையினர் இருவர் மணிக்கூண்டு அருகில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சமையற்காரர் அரிசிக் கணக்கு வாங்க வருவது விழாவுக்கு முந்தின புதன்கிழமை காலை. வெளியூரிலிருந்து வரும் மகன் மகள் குடும்பத்தையும் மறவாமல் சேர்த்து எழுதுங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தனியே குறிப்பிடுங்கள்.